பழைய ஸ்பீக்கரா? துணியைக் கழற்றிப் பாருங்க!

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் மர வேலைப்பாட்டிலேயே மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது முன்பக்கத் துணிக்குப் பின்னால் இருக்கிறது. வூஃபரின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம். அது ஃபோம் என்றால், பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் பத்துப் பதினைந்து வருடங்களில் மட்கிவிடும். ரப்பர் இன்னும் உழைக்கும். தொட்டதும் பொடியாக உதிர்கிறதா? பயந்து ஓட வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றலாம். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

கூம்பை இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெல்ல அழுத்துங்கள். சரசரவென உரசினால் உள்ளே காயில் கெட்டிருக்கலாம். அந்த ஜோடி வேண்டாம். ட்வீட்டரை மட்டும் தொடவே கூடாது.

வீட்டு ஆம்ப்ளிஃபயரோடு சேருமா? எல்லோரும் வாட்டைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது ஓம். 8 ஓமுக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, அது சூடேறிப் படுத்துவிடும். டெசிபலையும் பாருங்கள்: 90 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 87 டெசிபல் ஸ்பீக்கர் தர இரண்டு மடங்கு வாட் வேண்டும்.

'சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே, ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை' என்பது தப்புக் கணக்கு. பிறந்தநாள் உற்சாகத்தில் யாராவது வால்யூமை முழுசாகத் திருகினால் ஒலி சிதையும். முதலில் கருகுவது ட்வீட்டர்.

பணம் கொடுக்கும் முன், நன்றாகப் பழகிய ஓர் இளையராஜா பாட்டை இடது, வலது எனத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பெட்டியில் மட்டும் ஜால்ரா சத்தம் மங்கினால், ட்வீட்டர் ஏற்கெனவே போயிருக்கலாம்.