‘பழசு’ என்று சொல்லி இந்த வருடத்தையும் கடத்தாதீர்கள்



பாடசாலைக்கும் ஊருக்கும் பொதுவாக ஒரு மிரர்லெஸ் கமெரா வாங்கும் பேச்சு இழுபட்டுக்கொண்டே போகிறது. “வாங்கினால் புதுசு வாங்கவேணும்” என்பவர்களுக்கும், “போன் இருக்க கமெரா எதற்கு” என்பவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

எதற்காக வாங்குகிறோம்? ஒவ்வொரு மே 18இலும் முள்ளிவாய்க்காலுக்கு எத்தனை கமெராக்கள் வருகின்றன! எங்கள் அம்மாமாரின் கண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. மறுநாள் ஊருக்கென்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. எங்கள் பிள்ளைகள் எப்போதும் படத்துக்குள்ளேதான். படம் எடுக்கும் பக்கத்தில் அவர்கள் நிற்பது எப்போது?

2009இல் இந்த மணலில் அல்பங்களையும் விட்டுவிட்டு நடந்த சனம் நாம். 1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் குடும்பங்களின் கதையும் அதுதான். தப்பிய படங்களில் பூஞ்சணம் ஏறுகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வீதியோரம் ஏந்தி நிற்கும் படங்கள் வெயிலில் வெளிறுகின்றன. அதைவிட்டால் வேறு படமே இல்லாத வீடுகள் உண்டு. அவற்றைப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

போன் போதாதா? போன் தானாகவே முகத்தை மினுக்கும், இல்லாத விவரத்தை நிரப்பும். வெளிறிய படத்தில் அது பொய்யாகிவிடும். போன் தொலைந்தால் படமும் தொலையும்.

அப்படியானால் பழைய மொடல் போதுமா? சோனி அல்பா 6000 வந்தது 2014இல். 24 மெகாபிக்சல், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும். எங்களில் யாருடைய சுவரில் அதைவிடப் பெரிய படம் தொங்குகிறது? 4கே வீடியோ இல்லை, வெளி மைக் பொருத்தும் துளையும் இல்லை, உண்மைதான். முக்காலியில் வைத்துப் படம் பிரதி எடுக்க இரண்டும் தேவையில்லை. வயதானவர்களின் குரலைப் பதிய போனையே பாவிக்கலாம்.

ஆனால் தள்ளுபடி என்றதும் விழவும் கூடாது. கனன் எம்50 2018இல் வந்தது. 4கே உண்டு, மைக் துளை உண்டு, விலையும் இறங்கிவிட்டது. ஆனால் அந்த எம் வரிசையையே கனன் 2023இல் நிறுத்திவிட்டது. அதற்கென வாங்கும் லென்ஸ் கனனின் புதிய ஆர் வரிசைக் கமெராக்களில் பொருந்தாது. சோனியில் அப்படியில்லை. 2010இல் தொடங்கிய அதே ஈ மவுண்ட் இன்றும் ஓடுகிறது. நாளை உடலை மாற்றினாலும் லென்ஸ் மிஞ்சும். கமெரா பழசாகலாம், வழி அடைபடக் கூடாது.

வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சணம் பாருங்கள். வெள்ளைச் சுவரைப் படம் எடுத்து சென்சரில் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இரண்டு பற்றரி கேளுங்கள். எங்களுடையது கடற்கரை ஊர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிய பெட்டியில் வையுங்கள். எழுத்தில் உத்தரவாதம் தராத கடையைத் தாண்டி வாருங்கள்.

புதுசுக்குக் காசு சேரட்டும் என்று காத்திருந்தால் கமெரா வரும். அந்தப் படங்கள் இருக்குமா? அடுத்த கூட்டத்தில் பேச்சு வேண்டாம், முடிவு வேண்டும்.