அம்மாச்சி எப்போது குட்டையானார்?

போன மாதம் என் அம்மாச்சி வாசல் கூட்டும்போது தடுமாறி, கையை ஊன்றி விழுந்தார். மாடிப்படியிலிருந்து எல்லாம் இல்லை, நின்ற இடத்தில்தான். மணிக்கட்டு முறிந்துவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்றார்கள் வீட்டில். கட்டுப் போட்ட டாக்டர் மட்டும், "முன்னைவிட உயரம் குறைஞ்சிருக்கீங்களா பாட்டி?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். அம்மாச்சியே சொன்னார்: "அடுப்படி மேல்தட்டுல இருக்குற டப்பா ரெண்டு வருஷமா எட்ட மாட்டேங்குது தம்பி."

எலும்புத் தேய்மானம் என்றதும் பலருக்கும் மூட்டுவலிதான் நினைவுக்கு வரும். இது வேறு. எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் வலியே இல்லாமல் வளரும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அடுத்த சில வருடங்களில் எலும்பு வேகமாகக் கரைகிறது. முதுகெலும்பு நசுங்கி உயரம் குறைவதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை.

வலிக்காத ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுப் பெண்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

* 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றதா? கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அகற்றினார்களா?
* 50 வயதுக்குப் பிறகு லேசாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்ததா?
* அம்மா, அப்பா யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா?
* ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்கு 3 மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா? (சாப்பிடுபவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.)
* உடல் எடை மிகக் குறைவா?
* இளமையில் இருந்த உயரத்தைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கிறார்களா? முதுகு கூன் விழுகிறதா?

ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் 'டெக்ஸா' ஸ்கேன் எடுக்கச் சொல்வார். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிட வேலை. அதில் வரும் 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ். 65 வயதைத் தாண்டிய பெண்கள், இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் சோதனை மட்டும் போதாது.

அம்மாச்சிக்காகத்தான் இந்தப் பட்டியலை எழுத ஆரம்பித்தேன். முதல் கேள்வியிலேயே மாட்டியது என் அம்மா. 41 வயதில் ஆபரேஷன், சினைப்பைகளும் போயின. இப்போது 52. "எனக்கென்னடி, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறார். அம்மாச்சியும் விழுவதற்கு முதல் நாள்வரை நன்றாகத்தான் இருந்தார்.

கேழ்வரகு, பால், தயிர், காலை வெயிலில் நடை, வழுக்காத பாத்ரூம் தரை எல்லாம் அவசியம்தான். ஆனால், ஏற்கெனவே எலும்பு கரைந்துவிட்டவர்களுக்கு அவை மட்டும் போதாது, மருந்தும் தேவைப்படலாம். அது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு பென்சில் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். நாம் வளர்ந்தபோது அவர்கள் நமக்குப் போட்ட அதே கோடுதான். எங்கள் வீட்டில் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை அம்மாவுக்கு ஸ்கேன்.