நான்கு மணி நேரப் பயணம் ஏன் ஒரு நாள் ஆகிறது?

மதுரைக்கும் துபாய்க்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். விமானம் நேராகப் பறந்தால் நான்கு மணி நேரம். மேற்கே போகும்போது எதிர்காற்றால் சற்றுக் கூடும். திரும்பும்போது சற்றுக் குறையும். (டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு.)

ஆனால் விருதுநகரிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் உள்ள வளைகுடாக் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். நேரடி விமானம் கிடைக்காத நாளில் அவர்கள் பாதை சென்னை வழிதான். துபாய் மேற்கே இருக்க, வடகிழக்கே ஐந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டும். பிறகு காத்திருப்பு. அதன் பிறகுதான் விமானம். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடுகிறது.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்கிறீர்களா? நம் வீடுகளில் மய்யித்தை நீண்ட நேரம் வைத்திருப்பதில்லை. காலையில் தகப்பனார் மவுத்தானார் என்று செய்தி போனால், நான்கு மணி நேரத்தில் வந்து இறங்கும் மகன் ஜனாஸாத் தொழுகையில் நிற்பான். சென்னை சுற்றி வருபவன் மண்மேட்டைத்தான் பார்ப்பான். இது முஸ்லிம் வீட்டுத் துயரம் மட்டுமல்ல. பட்டாசு பூமியில் மரணம் முன்னறிவிப்பின்றி வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறப்பார்?

அதற்கு அடுத்த மாதமே, மத்திய அமைச்சரவை ஐந்து விமான நிலையங்களுக்கு சர்வதேசத் தகுதி வழங்கியது. திருச்சியும் கோவையும் அதில் இருந்தன. மதுரை இல்லை!

தகுதிப் பலகை கூடப் பெரிதல்ல. உண்மையான பூட்டு வேறிடத்தில் இருக்கிறது. எந்த நாட்டு விமானம் நம் நாட்டில் எந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு அரசுகளும் செய்துகொள்ளும் விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அமீரகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் மதுரையின் பெயர் சேர்க்கப்படாததால், அந்நாட்டு நிறுவனங்கள் விரும்பினாலும் இங்கே இறங்க முடியவில்லை. இந்திய நிறுவனம் மனமிரங்கி விமானம் விட்டால் உண்டு, நிறுத்திவிட்டால் இல்லை. போட்டியில்லாத இடத்தில் கட்டணம் எப்படி இருக்கும் என்று வியாபாரம் தெரிந்த விருதுநகர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடுபாதை போதாது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பெரிய விமானங்களுக்குப் போதாதுதான். ஆனால் 2012இல் கொழும்புக்கும், பின்னர் துபாய்க்கும் இதே 7,500 அடி ஓடுபாதையிலிருந்துதானே நேரடி விமானங்கள் பறந்தன? ஒப்பந்தத்தில் ஓர் ஊர்ப்பெயரைச் சேர்க்க ஓடுபாதையை நீட்ட வேண்டுமா? நிலம் எடுக்க வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி, விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறது. ஆகவே இது மதுரைக்காரர்கள் கேட்க வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்க முடியாது. ஒவ்வொரு ஜமாஅத்தும், வியாபாரிகள் சங்கமும் தம் ஊரிலிருந்து வளைகுடா சென்றவர்களின் எண்ணிக்கையை எடுத்து, நாடாளுமன்ற உறுப்பினரின் கையில் எழுத்து மூலம் கொடுக்கட்டும். அடுத்த கூட்டத் தொடரில் அவர் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.