டூரிஸ்டுக்கு என்று சொல்லி யாரிடம் வாங்குகிறோம்?



"கண்டியில் காலைச் சாப்பாடு விலை கூடத்தான், டூரிஸ்ட் ஊர்தானே" என்று சொல்லிச் சொல்லியே நாம் ஒரு விஷயத்தை மூடிக்கொண்டிருக்கிறோம். காலைச் சாப்பாடுதான் டூரிஸ்ட் நம் கடையில் அதிகம் சாப்பிடாத சாப்பாடு. வெள்ளைக்காரருக்கு அது பெரும்பாலும் அறை வாடகையோடு சேர்ந்தே வருகிறது. நம் முதலாளிமார் கடையைத் திறக்கும்போது அவர் வாவியைப் பார்த்த ஜன்னலுக்குள் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியென்றால் காலை ஆறு மணிக்கு கண்டியில் பசியோடு நடப்பவர் யார்? பஸ் ஸ்டேண்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கு வருகிறவர்கள். இரவு பஸ்ஸில் கிழக்கிலிருந்து வருகிறவர்கள், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள். கையில் கிளினிக் கொப்பி, ஒரு பேக், தோளில் தூங்கும் பிள்ளை. இதில் பாதிப் பேர் சீனி பார்க்க வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவோடு வாயைக் கட்டியவர்கள். இரத்தம் கொடுத்து முடிய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். தலைசுற்றலோடு வெளியே வந்து முதலில் கண்ணில் படும் கடைக்குள் ஏறுவார்கள். நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. அது கடைக்காரருக்கும் தெரியும்.

அண்மையில் அப்படி வந்த ஒரு குடும்பம், நமக்குத் தெரிந்தவர்கள், நாலு பேர். இடியப்பம், பருப்பு, இரண்டு முட்டை, நாலு பால் டீ. பில் 3,200 ரூபா. சொதிக்குத் தனியாக, சம்பலுக்குத் தனியாகக் கணக்கு. கேட்காமலே மேசையில் வைத்துத் திறந்த தண்ணீர்ப் போத்தலும் பில்லில் இருந்தது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைச் சொன்னால் மற்றக் கடைகள் தப்பிவிடும். ஆனால் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும் தனிக் கணக்கு என்பது நம் உம்மாமார் காதில் விழுந்தால் என்ன சொல்வார்கள்? இடியப்பத்தை வெறுமனே யார் விழுங்குவது?

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில், அந்த ஒரு காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு நாள் கொழுந்து பறித்தாலும் போதாது.

முதலாளிமாரின் பக்கமும் நமக்குத் தெரியும். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபா ஆனது. அடுத்தடுத்து மின்சாரக் கட்டணம் ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. அந்த வருட முடிவில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டது, தேங்காய் இல்லாமல் நம் காலைச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? நகருக்குள் கடை வாடகையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஆகவே விலையைக் குறையுங்கள் என்று யாரிடமும் கேட்க நாம் இதை எழுதவில்லை. விலையை எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தலதா மாளிகையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம், நமக்கு இல்லை. பேராதனைப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், நமக்கு வேறு. சரியா பிழையா என்று வாதிடலாம், ஆனால் அது வாசலிலேயே பலகையில் எழுதியிருக்கிறது. பிடித்தால் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம். நம் சில கடைகளிலோ பலகை இல்லை. முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, உடுப்பைப் பார்த்து விலை பிறக்கிறது. கண்டித் தமிழ் பேசினால் ஒரு கணக்கு, கிழக்குத் தமிழ் பேசினால் இன்னொரு கணக்கு. பெரஹரா காலத்தில் சொல்லவே வேண்டாம்.

இதைச் சொன்னால் சில நானாமார் உடனே மார்க்கத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் விலை நிர்ணயிக்க மறுத்தார்களே என்பார்கள். உண்மைதான், மறுத்தார்கள். ஆனால் விலையை நிர்ணயிப்பது வேறு, விலையைச் சொல்வது வேறு. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் வியாபாரம் செல்லுபடியாக, விற்கும் பொருளும் அதன் விலையும் இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தெரியவரும் விலை என்ன விலை? மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரத்தைக் கண்டபோது, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியின் உம்மத் நாம். வாசலில் ஹலால் என்று பெரிய எழுத்தில் போடத் தெரிந்த நமக்கு, அதன் கீழே "இடியப்பம் ஒன்று இவ்வளவு" என்று எழுத மட்டும் ஏன் கை வராது?

மார்க்கம் வேண்டாம் என்றால் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வியாபாரி விலையை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம். 2024 ஏப்ரலில் கொழும்பு அளுத்கடையில் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா கேட்ட விஷயம் நினைவிருக்கும். கேட்கப்பட்டவர் வெளிநாட்டவர், வீடியோவும் எடுத்தவர். நாடே கொதித்தது, ஆள் கைதானார். நல்லது. ஆனால் கிளினிக் கொப்பியோடு வரும் உம்மாவிடம் யூடியூப் சேனல் இல்லை. அவர் சேலை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பட்டினியாக பஸ் ஏறுகிறார்.

"நம்மட ஆக்களப் பற்றி நாமே பேஸ்புக்கில் எழுதலாமா? எதிரிக்கு வாய் கொடுப்பதாகாதா?" இதுவும் வரும். 2018 மார்ச்சில் திகனயிலிருந்து அக்குறணைப் பக்கம் வரை நம் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம், அந்தப் பயம் நமக்கும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது முதலில் திரும்பி வந்தவர் யார்? வழமையாகப் பராட்டாவும் பிளேன்டீயும் கேட்கும் அதே சிங்கள அண்ணன், அதே ஆட்டோக்காரர். கணக்குச் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் வந்தார்கள். அந்த நம்பிக்கையை நூறு ரூபாவுக்கும் இருநூறு ரூபாவுக்கும் விற்பவர்தான் எதிரிக்கு வாய் கொடுக்கிறார்.

நம் சாப்பாட்டுக் கடை மரபே நம்பிக்கையில் ஓடுவது. மேசைக்கு ஒரு பிளேட் நிறைய ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் வரும். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. எத்தனை சாப்பிட்டோம் என்று நாம் சொல்வதைத்தான் காசாளர் நம்புகிறார். (வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள், வைத்தது முழுக்க நமக்கு என்று நினைத்துக் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டு முடித்தவர்களும் உண்டு.) வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்பும் கடை, தன் விலையை மட்டும் ஒளிப்பது என்ன நியாயம்?

குறைந்த விலைக்கு நல்ல சாப்பாடு இல்லாமலும் இல்லை. வாவி தெரியும் வீதியை விட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னாலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடிச் சந்துகளிலும் நடந்தால், கூலி வேலைக்காரர் நின்று சாப்பிடும் கடைகள் இருக்கின்றன. எங்கே லோட் இறக்கும் ஆட்கள் சாப்பிடுகிறார்களோ அங்கே ஏறுங்கள். உட்கார முன்பே விலையைக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்கு கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் இருக்கிறது. பெண்களே கண் முன்னால் அரிசிமாவில் சுட்டுக் கொடுக்கிறார்கள், இலைக்கஞ்சியும் கிடைக்கும். இறைச்சி, மீன் இல்லாததால் நம் ஆட்கள் தயங்கவும் தேவையில்லை. அரச திணைக்களத்தின் இடத்தில் கிராமத்துப் பெண்களால் முடிகிற ஒன்று, மூன்று தலைமுறையாகக் கடை நடத்தும் நமக்கு முடியாதா?

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவில் இதைப் பேசச் சொல்லுங்கள். அதன் பிறகு முதலாளிமாரை அழைத்து, காலை ஆறிலிருந்து பத்து வரை ஐந்து இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பிளேன்டீ சேர்த்து ஒரே விலை, மூன்று மொழியிலும் எழுதி வாசலில் தொங்கவிடக் கேளுங்கள். விலையை அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஏற்கெனவே பலகை போட்டிருக்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றின் பெயரை நமக்கு அனுப்புங்கள், வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பட்டியல் தயார் செய்கிறோம். பலகை இல்லாத கடைகளின் பெயரை எழுத வேண்டாம். அங்கே அஸருக்குப் பிறகு நாலு பேர் சேர்ந்து, டீ குடிக்கப் போவது போல நேரே போய்ப் பேசுவோம்.