நூலின் எடையும் மனிதரின் நாணயமும்

திருநின்றவூர் நிலையத்தில் மேற்கே செல்லும் ரயிலில் ஏறினால், வேப்பம்பட்டை அடுத்துச் செவ்வாப்பேட்டை ரோடு வரும். அதற்கு அண்மையிலுள்ள திரூர் என்னும் சிற்றூரில்தான், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, உழவர்களுக்கென ஒரு கடன் சங்கம் நிறுவப்பெற்றது. நாட்டின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்ற பெருமை அதற்கு உண்டு. நம் பகுதி அங்கத்தினர்களிலேயே பலர் இதனை அறியார்.

அந்நாளில் இத்தகைய சங்கங்களுக்குத் தமிழில் வழங்கிய பெயர் ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்பது. நாணயம் என்றால் காசு; நாணயம் என்றால் நேர்மையுமாம். பெயரிட்டவர் எவராயினும் பொருளறிந்தே இட்டிருக்கிறார். அச்சட்டப்படி கிராமச் சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்பு பொதுவாக வரம்பற்றது. சங்கம் நொடித்துப்போனால், ஒருவர் பட்ட கடனுக்கு மற்றவர் தம் உடைமையையும் இழக்க நேரிடலாம். ஜெர்மனியில் ரைபைசன் என்னும் பெரியார் வகுத்த முறை இது. சர் பிரடெரிக் நிக்கல்சன் 1895-இல் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையின் வாயிலாக நம் நாட்டில் வேரூன்றியது. அடுத்த வயற்காரனின் குணம் தெரியாமல் எவன் இத்தகைய பொறுப்பில் கையெழுத்திடுவான்? தலைவரும் அங்கத்தினரும் ஒரே ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் ஆகையால் அது இயன்றது.

இன்று சங்கங்கள் வளர்ந்துவிட்டன. மேசைக்கு ஒருபுறம் தலைவரும் செயலாளரும், மறுபுறம் நெசவாளர் என்ற நிலை வந்துவிட்டது. இவ்விரு தரப்பாரிடையே நம்பிக்கை உண்டாவதும் கெடுவதும் மேடைப் பேச்சினால் அன்று. தராசடியிலேதான் என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்க்கும்படி நேர்ந்தது. பெயர் வேண்டா. அங்கே ஐப்பசி அடைமழையில் நூல் கொடுத்து, பங்குனியில் சேலையாகத் திரும்பப் பெற்றார்கள். கஞ்சியின் எடையைக் கழித்து, சேதாரத்துக்கும் இடம் விட்டுப் பார்த்தால், 10 கிலோ நூலுக்கு 250 கிராம் குறைந்தது. ஒருவரிடம் அன்று, பலரிடம். செயலாளர் அனைவர் கூலியிலும் வெட்டு விழச்செய்தார். “ஐயா, நாற்பது வருஷமா தறிக்குழியிலே காலை வச்சிருக்கேன். நூலை நான் தின்னவா முடியும்?” என்று முதிய நெசவாளர் ஒருவர் கேட்டாராம். அதன்பின் அவர் சங்கத்து வாசற்படி ஏறவில்லை. பாவையும் ஊடையையும் தனி வியாபாரியிடம் வாங்கத் தொடங்கிவிட்டார்.

செயலாளரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தணிக்கையில் இருப்புக் குறைந்தால் தண்டத்தீர்வை தம் தலையில் விழுமே என்ற அச்சம் அவருக்கு. அஞ்சியவன் பிறரை ஐயுறுகிறான். ஐயுறப்பட்டவன் விலகிப் போகிறான்.

நூலைத் திருடியது யார்? வெயில்! பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றும் உலர்ந்த 100 கிராம் பஞ்சு நூல் 8.5 கிராம் ஈரத்தை ஏற்றிருக்கும் என்று வாணிபத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். மழைநாளில் அது மிகும். வறண்ட நாளில் குறையும். நூறுக்கு இரண்டு மூன்று பங்கு வேறுபட்டாலே 10 கிலோவில் 200, 300 கிராம் மாயமாகிவிடும். ஒரு சிட்டத்தின் 840 கஜ நீளம் அப்படியே இருக்கும். எடைதான் பருவத்துக்கேற்ப மாறும்.

இதனை எடுத்துச் சொன்னபோது தலைவர் ஒரு காரியம் செய்தார். நூற்கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டத்தைத் தொங்கவிட்டார். நூல் கொடுக்கும் நாளில் அதனை நிறுத்து நெசவாளரின் பாஸ்புத்தகத்தில் எழுதுவது; துணி வரும் நாளில் மீண்டும் நிறுப்பது; சிட்டம் எவ்வளவு இளைத்ததோ அந்த விகிதத்தைத் துணிக்கும் தள்ளிக் கொடுப்பது. முள்ளைப் படிப்பவர் நெசவாளரே. இம்மட்டோடு அவர் நிற்கவில்லை. முன்னர் வெட்டிய கூலியைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்து, பேரவையில் எழுந்து நின்று, “பிழை எங்களுடையது, உங்களைச் சந்தேகித்தோம்” என்றார். சிட்டத்தைக் காட்டிலும் அச்சொல்லே பெரிது என்பேன். பின்னர் அவரே அம்முதியவரின் வீட்டுக்கு நடந்து சென்றார். வருவாரோ மாட்டாரோ என்று ஊரார் ஐயுற்றனர். தை மாதத்தில் வந்துவிட்டார்.

உழவர்க்கும் இது பொருந்தும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்பது பொதுவான வரையறை. கருவி காட்டும் எண்ணை உழவர் கண்ணால் பார்த்தால் நெல்லைக் கொண்டுபோய் மறுபடியும் களத்தில் காயவைப்பார். பார்க்காமல் ‘ஈரம்’ என்ற சொல்லை மட்டும் கேட்டால் கையூட்டுக்கு அடிபோடுகிறார்கள் என்றே நினைப்பார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

நம் திருநின்றவூர்க்குப் பழம்பெருமை தந்த பூசலார், கையில் பொருளின்றி மனத்திலேயே கோயில் கட்டினார் என்பது வரலாறு. காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் அதனை அறிந்தவுடன், தன் கோயிலின் குடமுழுக்கை ஒத்திவைத்துவிட்டு இவ்வூரைத் தேடிவந்து அவ்வேழையின் அடிபணிந்தான். கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மதித்து அரசன் தானே நடந்து வந்தது தலைவர்கள் எண்ணத்தக்கது. ஆனால் ஒன்று: கோயிலை மனத்தில் கட்டலாம், சங்கத்தின் கணக்கை மனத்தில் கட்டலாகாது! 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கம்பளித் துணி நெய்வோர் முதலான 28 பேர் கடை தொடங்கியபோது, ஒருவரையொருவர் நன்கறிந்த அவர்களே கணக்கை அடிக்கடி அனைவர் முன்னும் வைப்பதை விதியாக்கிக்கொண்டனர். அது அவநம்பிக்கையின் அடையாளமன்று.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று நிர்வாகிகள் சிலர் கேட்கிறார்கள். சிட்டத்தை நிறுக்க இரண்டு நிமிடம் போதும். முன்பு அச்சங்கத்தில் கூலி வெட்டைப் பற்றிய வழக்குகளிலே பட்டுவாடா நாளின் பிற்பகல் முழுவதும் கழிந்தது.

சென்ற மாதம் அவ்வழியே போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சிட்டம் இன்னும் தொங்குகிறது; புகையும் தூசும் படிந்து கறுத்திருக்கிறது. உடனே புதியது மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். தூசுக்கும் எடையுண்டு அல்லவா?