பசியும் நாடகக் கம்பெனியும்

எம்.ஜி.ஆரின் இளமையைப் பேசும்போதெல்லாம் நாம் பசியிலேயே நின்றுவிடுகிறோம். பசி உண்மைதான். இலங்கையில், நாவலப்பிட்டியில் பிறந்த பிள்ளை. சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். கும்பகோணத்தில் தாய் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கஜானா தாங்குமா என்று கேட்டவர்களுக்கு அவர் அசைந்து கொடுக்காததன் காரணம் அங்கே இருக்கிறது. ஒருவேளைச் சோற்றின் அருமை கோப்புகளைப் படித்து அவருக்குத் தெரிந்ததல்ல.

ஆனால் அந்தச் சிறுவனுக்குச் சோறு போட்டது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அங்கே வாத்தியார் சொல்லே சட்டம். யாருக்கு எந்த வேஷம் என்பதை மேலே இருப்பவர் தீர்மானிப்பார், பையன்கள் கேள்வி கேட்பதில்லை. எம்.ஜி.ஆர் கட்சி நடத்திய விதத்தில் நான் அந்தக் கம்பெனியைத்தான் பார்க்கிறேன். அள்ளிக் கொடுத்தார், அரவணைத்தார். அதிகாரத்தை மட்டும் பகிரவில்லை. 1984இல் நோயில் விழுந்த பிறகும் அடுத்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. சத்துணவுக்காக அவரை நெஞ்சாரப் போற்றுகிறேன். அந்த நன்றிக்காக இந்தக் குறையை மறைக்க மாட்டேன். 1987 டிசம்பரில் அவர் மறைந்ததும் கட்சி இரண்டாக உடைந்தது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள், ஜானகி அணிக்கு இரண்டே இடங்கள், ஆட்சி தி.மு.க.விடம் போனது.