பேரீச்சம்பழத்துக்கு போகுதா பழைய கார்? ஆர்.சி. புத்தகம் பத்திரம்!

சென்னை புதுப்பேட்டை. ஓடாத காரை இங்கே தள்ளிக்கொண்டு வந்து விட்டால் போதும். என்ஜின், கியர்பாக்ஸ், டோர், சீட், ரேடியேட்டர் என்று தனித்தனியாக கழன்று கடை வாசலுக்கு வந்து விடும். மிச்சமுள்ள கூடு எடை போடப்பட்டு இரும்பு உருக்க லாரி ஏறும்.

பழைய வாகனங்களை உடைப்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2021-ல் கொண்டு வந்தது. பதிவு பெற்ற மையத்தில் காரை ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதை காட்டி புது கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும் விதி வந்தது.

அப்படியும் ஜனங்கள் காயலான் கடையைத்தான் தேடுகிறார்கள். காரணம் காசுதான். மையம் காரை பெரும்பாலும் இரும்பாக பார்க்கிறது. காயலான் கடைக்காரரோ ஸ்பேர் பார்ட்சாக பார்க்கிறார். பேரம் பேசி கையோடு பணமும் தருகிறார்.

இங்கேதான் வில்லங்கம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்து விட்டு வருகிறவர்கள் உண்டு. கார் துண்டு துண்டானாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில் அது உயிரோடுதான் இருக்கும். அதே நம்பரை திருட்டு காரில் அடித்து ஓட்டினால், போலீஸ் தேடி வருவது பழைய ஓனர் வீட்டுக்குத்தான்.

காரை உடைத்து விட்டால் 14 நாளுக்குள், தவறினால் கூடிய சீக்கிரம் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகன சட்டம் 55-வது பிரிவு. சேசிஸ் நம்பர் உள்ள இரும்பு துண்டை வெட்டி கையில் வாங்கிக்கொள்வதும் நல்லது.

நாலு காசு கூட கிடைச்சுதேன்னு சும்மா வந்துட்டா, நாளைக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். உஷார்!